மதினியின் சின்னச் சட்டி

புக்கித் தீமா சாலையில் இறங்கி நடக்கத் தொடங்கியபோது அந்தச் சிகரெட் டின் என் கால்சட்டைப் பையில் இன்னும் சூடாகவே இருந்தது. ஐம்பது சிகரெட் அடைத்து வரும் உருண்டை டின். மேலே இருந்த படம் எப்போதோ தேய்ந்துபோய் வெறும் தகரம் தெரிந்தது. உள்ளே சிகரெட் இல்லை, கேக் இருந்தது. அந்த டின்னிலேயே மாவை ஊற்றி, அதிலேயே வேகவைத்து, பழைய துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார் மதினி. ஒவ்வொரு எட்டுக்கும் அது தொடையில் இடித்துச் சுட்டது. பையைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சாலையோரக் கால்வாயில் முந்தின நாள் மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு வேலையை விட்டுப் போகும்போது நடந்துபோவதே என் வழக்கம். அடுத்தது என்ன என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும். அதற்கு முன் ஏழெட்டு இடங்களிலிருந்து அப்படி நடந்து போயிருக்கிறேன். நடக்காத ஒரு காரியத்துக்காக வேலை போனது அந்த ஒரு முறைதான்.

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். ஏழாவது மைல் கல்லுக்கு அருகே, குன்றின் மேல், கறுப்பு வெள்ளைச் சாயம் பூசிய ஒரு பங்களாவில் மதினி சமையல் வேலை பார்த்தார். பங்களாவின் பின்னால் வேலைக்காரர்களுக்கு என்று ஒரு வரிசை உண்டு. அதில் இரண்டு அறை அவருக்கு. மகள் அங்கிருந்து நடந்தே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்குப் போய் வந்தாள். வேலை போனால் அறை போகும், அறை போனால் பள்ளி போகும். அதை மதினி ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மழை பெய்து கூரை ஒழுகினால்கூட, "ஒழுகினாலும் கூரைதானே தம்பி" என்பார்.

நான் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஜப்பான்காரன் வந்தான். பள்ளியை மூடினார்கள். அப்பாவைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. மூன்று வருஷம் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். அதற்குப் பிறகு நான் படிக்கவும் இல்லை, ஓரிடத்தில் இருக்கவும் இல்லை. லாரியில் கிளீனர், ஆற்றில் படகிலிருந்து மூட்டை இறக்குதல், சலவைக் கடையில் நீலம் போடுதல் என்று கைக்கு வந்ததைச் செய்தேன். சலவைக் கடையையும் விட்டுவிட்டு மதினி வீட்டு வாசலில் போய் நின்றபோது எனக்கு இருபத்தேழோ இருபத்தெட்டோ. "தம்பிக்குக் கால்ல சக்கரம். இங்கயாச்சும் கழட்டி வைங்களேன்" என்றார். துரைசானியிடம் சொல்லித் தோட்ட வேலையும் அடுப்படிக் கைவேலையும் வாங்கிக் கொடுத்தார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வெள்ளைக்காரர் வீட்டு அம்மாவைத் துரைசானி என்போம். நேரில் மெம். இந்தத் துரைசானியின் கணவர் பாலம் கட்டும் இன்ஜினியர். மால்டா, எகிப்து, சைப்ரஸ், கென்யா என்று பல நாடுகளில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். போன இடமெல்லாம் அங்கே சாப்பிட்டதை ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தார் துரைசானி. வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் அந்த நோட்டிலிருந்து ஒரு நாடு சமைக்க வேண்டும். மதினிக்குத் தமிழ்கூட ஜெபப் புத்தகம் அளவுக்குத்தான் வரும். அதனால் நான் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, இரண்டு வரிக்கு ஒரு தடவை தடுக்கி விழுந்து படிப்பேன். அவர் கறி அரிந்தபடியே கேட்பார். ஒரு தடவைதான். அதன் பிறகு அந்தப் பண்டம் அவருடையது. கிரேக்க நாட்டுக்காரர்கள் கத்தரிக்காயையும் கொத்துக்கறியையும் மாற்றி மாற்றி அடுக்கி மேலே பால் கூழ் ஊற்றிச் சுடுவதற்கு அவர் வைத்த பெயர் "கத்தரிக்கா மெத்தை." அவித்த முட்டையைச் சுற்றிக் கொத்துக்கறியை அப்பிப் பொரிப்பது "சட்டை போட்ட முட்டை." ஹங்கேரிக்காரர்களின் சிவந்த குழம்பை மட்டும் அவர் மதிக்கவில்லை. "மொளகாய மொகத்துக்கு நேரா காட்டிட்டு எடுத்துருவாங்க போல" என்றார்.

நோட்டில் அவுன்ஸ் என்றும் பைண்ட் என்றும் இருக்கும். மதினிக்கு அளவு என்றால் அந்தச் சிகரெட் டின்தான். மாவு ஒன்றரை டின், சர்க்கரை முக்கால் டின், வெண்ணெய் அமுக்கி அரை டின். நேரத்துக்கு அவரிடம் கடிகாரம் இல்லை, ஜெபமாலை இருந்தது. இரும்பு அடுப்பின் உள்தட்டில் ஒரு சிட்டிகை மாவைத் தூவி 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லத் தொடங்குவார். மூன்றாவது மந்திரம் முடிவதற்குள் மாவு சிவந்தால் கேக்குக்குச் சூடு சரி. முதல் மந்திரத்திலேயே கறுத்தால் கரியை இழுத்துவிட வேண்டும். ஸ்பாஞ்சு கேக் வேக மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டும் ஜெபமும் அதோடு மாதா பிரார்த்தனையும். ரொட்டிக்கு இரண்டு ஜெபமாலை. ஜெபம் ஓடும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. ஒரு தடவை துரையின் பிறந்த நாள் கேக் அடுப்பில் இருந்தபோது மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். எந்த மணியில் விட்டோம் என்று மதினிக்குத் தெரியவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தார். கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. துரைசானி அந்தக் குழியில் கிரீமை நிரப்பி மேசைக்கு அனுப்பினார். ஆனால் மறுநாள் காலை, பக்கத்துப் பங்களா அம்மா நல்ல ஹைனான் தீவுச் சீனச் சமையல்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றும், இன்னொரு விருந்து கெட்டால் அவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்றும் மெதுவாகவே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மதினி சாப்பிடவில்லை.

இனிச் சின்னச் சட்டி. துரைசானி நல்லவர்தான். ஆனால் விருந்து நாளில் அடுப்படிக்குள் வந்து, கொதிக்கும் சட்டியில் கரண்டியை விட்டு, நக்கிப் பார்த்து, உப்புப் போதாது என்று சொல்லி, அதே கரண்டியால் மறுபடி கிண்டுவார். அவர்கள் வீட்டில் அது சாதாரணம். நமக்கு அப்படியா? மதினி கோயிலில் முக்காடு போட்டு நிற்பவர், மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிடுபவர், எங்களுக்குத் தீட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் எச்சில் எச்சில்தான். ருசி பார்ப்பதானால் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவோம், கரண்டி வாய்க்குப் போகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மதினி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எதைச் சமைத்தாலும் அதில் கொஞ்சத்தை எடுத்து ஒரு சின்னச் சட்டியில் முன்னடுப்பில் வைத்துவிடுவார். பெரிய சட்டி பின்னால் மூடியிருக்கும். துரைசானி வருவார், முன்னால் இருப்பதில் கரண்டியை விடுவார், உப்பு என்பார், மிளகு என்பார். மதினி தலையாட்டிவிட்டு அவர் போனதும் அதே உப்பையும் மிளகையும் பெரிய சட்டியில் போடுவார். சின்னச் சட்டியில் இருந்தது நாய்க்கு. இத்தனை வருஷத்தில் துரைசானிக்கு இது தெரியாது. "அவங்க மனசும் நோகக் கூடாது, சாப்புடுறவங்க வயிறும் நோகக் கூடாது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரே வருத்தம், அந்த நாய் சாப்பிட்ட சாப்பாடு. மரவள்ளி தின்று வளர்ந்தவனுக்கு அது கண்ணில் உறுத்தும்.

அந்தச் சனிக்கிழமை விருந்துக்கு எங்கள் பங்குச் சாமியார் வருவதாக இருந்தது. பிரெஞ்சுக்காரர். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவர், தமிழில் பிரசங்கம் செய்பவர். துரைசானியும் எங்கள் கோயிலுக்கே வருவார், காலை ஆங்கிலப் பூசைக்கு. சாமியாருக்காக அவர் நாட்டுப் பண்டம் ஒன்றை நோட்டில் தேடிக் கண்டுபிடித்திருந்தார். மாட்டுக்கறியைச் சிவப்பு வைனில் நாலு மணி நேரம் பொறுமையாக வேகவிட வேண்டும். பெயரை எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. மதினி அதைச் "சாமி கறி" என்றார். இருந்த இரண்டு போத்தல் வைனும் அதில் போயின. மத்தியானத்திலிருந்தே அடுப்படியில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு வாசனை, புளித்ததும் இனித்ததுமாக. மதினி அன்று வழக்கத்தைவிடக் கவனமாக இருந்தார். தனக்குப் பாவமன்னிப்புக் கொடுக்கிற கைக்குச் சோறு போடுகிறோம் என்ற நினைப்பு.

மாலையில் ஐஸ் வாங்கி வர என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது விருந்தாளிகளின் கார் போர்ட்டிகோவில் நின்றது. அடுப்படியில் யாரும் இல்லை. மதினி சேலை மாற்றத் தன் அறைக்குப் போயிருந்தார். முன்னடுப்பில் சின்னச் சட்டி, அதில் பாதிக்கு மேல் கறி, பக்கத்தில் கரண்டி இல்லை. துரைசானி விருந்தாளிகளோடு உட்கார்ந்துவிட்டார், இனி ருசி பார்க்க வரப் போவதில்லை, வைன் ஊற்றிய கறியை நாய்க்குப் போடுவதா என்று நினைத்தேன். மூடியைத் திறந்து சின்னச் சட்டியைப் பெரிய சட்டியில் கவிழ்த்துவிட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் சின்னச் சட்டியை வெளிக் குழாயில் கழுவியும் வைத்தேன்.

மதினி வந்ததும் அவர் கண் முதலில் போனது அங்கேதான்.

"இதுல இருந்தது எங்க தம்பி?"

"பெரிய சட்டியில ஊத்திட்டேன் மதினி. வீணாப் போகுதேன்னு."

அவர் கழுவும் தொட்டியைக் காட்டினார். அதில் மரக்கரண்டி கிடந்தது. "அந்தம்மா நீங்க போன கையோட வந்தாங்க. ரெண்டு தடவ வாயில வச்சு வச்சுக் கிண்டிட்டுப் போனாங்க."

கரண்டியை எடுத்து அலசினேன். பிறகு, கொதிக்கிறதுதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றார் மதினி. குரல் உயரவில்லை. "காலைல பூசையில அந்தக் கையாலதான் எனக்கு நன்மை அப்பம் குடுப்பாரு. ராத்திரி அவருக்கு நான் எச்சிக் கறி குடுக்கணுமா?"

ஸ்டூலில் உட்கார்ந்து மூடியிருந்த சட்டியையே பார்த்தார். அதைக் கொட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குழி விழுந்த கேக்குக்கு இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கூடத்திலிருந்து கண்ணாடிக் குவளைச் சத்தமும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. மதினி எழுந்தார். இரண்டு பக்கமும் துணி பிடித்துச் சட்டியைத் தூக்கினார். பின்வாசலில் கழனித் தகரம் ஒன்று இருக்கும், பன்றி வளர்க்கும் சீனக் கிழவர் காலையில் வந்து எடுத்துப் போவார். நாலு மணி நேரம் வெந்த சாமி கறி அதில் போய் விழுந்தது. நான் விளக்கைப் பிடிக்கக்கூட முன்னால் போகவில்லை, அப்படியே நின்றேன்.

திரும்பி உள்ளே வருவதற்கும் துரைசானி பரிமாறச் சொல்ல வருவதற்கும் சரியாக இருந்தது. காலிச் சட்டியைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார்.

"சிச்சா, மெம்" என்றார் மதினி. பல்லி. சட்டியில் விழுந்துவிட்டது என்று கையால் காட்டினார். உண்மையைச் சொல்லியிருந்தால், உங்கள் வாய் பட்டது அசுத்தம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகியிருக்கும். மதினியால் அது முடியாது. பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்பது துரைசானிக்கும் தெரிந்திருந்தது. அவர் முகம் வெளுத்தது. சட்டியை யார் திறந்து வைத்தது என்று மலாயில் கேட்டார். "சியாப்பா புக்கா?"

மதினி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "சாயா, மெம்."

சாயா என்றால் நான். பொய்யாகச் சொல்லவில்லை. திறந்தது நான்தானே. துரைசானி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்து நிமிஷத்தில் எதையாவது அனுப்பு என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏன் தம்பி சொன்னீங்க?"

"ஊத்தினது நான்தானே மதினி."

"பல்லிய விட்டது நான்தானே."

"விடுங்க. பல்லிக்கு வேல போனா பரவால்ல."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் முந்தானையில் துடைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். மத்தி மீன் டின் நாலு. அவித்த உருளைக்கிழங்கு இருந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத் தூள் எல்லாவற்றையும் பிசைந்து இரண்டு தட்டில் பரப்பி, மேலே ரொட்டித் தூளும் வெண்ணெயும் போட்டு அடுப்புக்குள் தள்ளினார். அன்று அவர் சொன்ன மந்திரம் போல வேகமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துரைசானியின் நோட்டில் எந்த நாட்டிலும் இல்லாத பண்டம் அது. இரண்டு தட்டும் காலியாகத் திரும்பின. இது எந்த நாட்டுச் சமையல் என்று ஒரு விருந்தாளி கேட்டதும், மால்டா என்று துரைசானி கண்ணிமைக்காமல் சொன்னதும், பரிமாறப் போன என் காதில் விழுந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் சாமியார் அடுப்படிக்கு வந்தார். துரைசானி அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மதினி முக்காடு போட்டு முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்கினார்.

"பல்லி எந்தப் பக்கம் விழுந்தது பிள்ளை? வலமா, இடமா?" என்றார் சாமியார்.

"சாமி, நீங்களே பல்லிப் பலன் பாக்கலாமா?"

"நான் பார்ப்பதில்லை. நீ பார்ப்பாயோ என்று கேட்டேன்." கழனித் தகரம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார், கவிழ்த்து வைத்திருந்த சின்னச் சட்டியையும் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "நாளைக் காலையில் பூசைக்கு முன்னே பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கோயிலிலிருந்து வந்த துரைசானி என்னைப் பின்வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை. கவனமில்லாத ஆளை அடுப்படியில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். மதினியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் என் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மதினி அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். தமிழ்ப் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், மாற்றுச் சேலைகூடக் கட்டவில்லை.

"பல்லியச் சாமிகிட்ட சொல்லிட்டேன். அபராதமா ஒரு ஜெபமால சொல்லச் சொன்னாரு" என்றார். "சும்மா சொல்வானேன். ஒரு கேக் வெந்துரும்."

மாவளக்கும் டின்னையே துடைத்து, வெண்ணெய் தடவி, மாவை ஊற்றினார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஜெபம் நடந்தது. இந்தத் தடவை அவசரமில்லாமல், ஒவ்வொரு மணியும் முழுசாக. மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயில் விரல் வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அளக்கும் டின்னை எனக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எதில் அளப்பீர்கள் என்று கேட்டேன். "துரை நெறைய ஊதுறாரு. வேற கெடைக்கும்" என்றார்.

அந்தத் துரையின் குடும்பம் ஊருக்குத் திரும்பிய அறுபதுகளின் நடுப்பகுதி வரை மதினி அங்கேயே இருந்தார், சின்னச் சட்டியோடு. மகள் படித்து முடித்து அதே பள்ளியில் டீச்சரானாள். துரைசானி போகும்போது கொடுத்த நற்சான்றுக் கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். அடுப்படியை மிகச் சுத்தமாக வைத்திருப்பவர் என்று ஒரு வரி இருந்தது. மதினி அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மதினி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது நான் புக்கிட் பாத்தோக்கில் மகன் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். மருமகளின் மின்சார அடுப்பு கேக் வெந்ததும் தானே மணி அடிக்கிறது. மாவில் விரல் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கலக்குகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிடவும் செய்கிறேன். டின் என் அலமாரியில் இருக்கிறது. உள்ளே மூக்கை வைத்தால் துரு வாசனைதான்.

வேலையை விட்டு நடந்த அன்று, நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவை அடைய மாலை நாலைந்து மணியாகிவிட்டது. வழியில் கால்வாய்ப் பாலம் ஒன்றின் மேல் உட்கார்ந்து டின்னைத் தட்டிக் கேக்கை வெளியே எடுத்தேன். டின்னின் வளையங்கள் எல்லாம் அதன் மேல் பதிந்திருந்தன. பசி. வழக்கம்போல் அப்படியே கடித்திருப்பேன். என்னவோ தோன்றியது. பேனாக் கத்தியை எடுத்து நடுவில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் தின்று, மறுபாதியை வாய் படாமல் டின்னுக்குள் திரும்ப வைத்து மூடினேன்.

மறுநாள் காலை சிராங்கூன் ரோட்டில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே பெரியவராக இருந்த வேலையாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எச்சி இல எடுக்குற வேலதான் லா. கூச்சப்பட மாட்டியே?"

"மாட்டேன் அண்ணே."

"அப்ப துணிய அங்க வச்சுட்டு வா. காலைல சாப்ட்டியா?"

டின்னைத் திறந்து நீட்டினேன். அவர் கேக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"கத்தில வெட்டினது அண்ணே. வாய் படல."

அவர் பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டு மீதியை எனக்கே விட்டார். இருவரும் நின்றபடியே தின்றோம். பிறகு நான் வாளியை எடுத்துக்கொண்டு போய் முதல் இலையை மடித்தேன்.